காகிதம் இல்லாமல் வாங்கிய படகு

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் நாம் முதலில் என்ன கேட்போம்? "ஆர்.சி. புக் இருக்கா?" என்று கேட்போம். இருபதாயிரம் ரூபாய் வண்டிக்கே இந்தக் கேள்வி உண்டு. ஆனால் அதைப்போல் நாலு மடங்கு கொடுத்துப் பழைய படகு வாங்கும்போது எங்கள் கடற்கரையில் பல பேர் இதைக் கேட்பதில்லை. என் அப்பாவும் கேட்கவில்லை. அதனால் எங்கள் வீடு என்ன பாடுபட்டது, பிறகு அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். படகு இல்லாத நண்பர்களும் படிக்கலாம். டிராக்டரோ, டீசல் எஞ்சினோ, பழைய பொருள் எது வாங்கினாலும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வெற்றிலை பாக்கில் முடிந்த வியாபாரம்

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். என் தாத்தா கட்டுமரத்தில் போனவர். அப்பா பல வருடம் அடுத்தவர் படகில் பங்குக்குப் போனார். 2016-ல்தான் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கினார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விற்றார். விலை 85,000 ரூபாய். பணம் எண்ணிக் கொடுத்தார்கள், வெற்றிலை பாக்கு மாற்றினார்கள், மாமா சாட்சி. அவ்வளவுதான். ரசீது இல்லை. பதிவுச் சான்று எங்கே என்று கேட்டதற்கு, "வீட்டுல எங்கயோ கெடக்கு, தேடித் தாரேன்" என்றாராம். அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று அப்பா விட்டுவிட்டார்.

படகு வந்த மறுநாளே அப்பா நீலப் பெயின்ட் வாங்கி முழுவதும் அடித்தார். அணியத்தில் இருந்த பழைய நம்பரும் அதோடு மறைந்தது. "நம்ம படகு, நம்ம கலரு" என்று அன்றைக்குச் சந்தோஷமாகச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. விடிந்து போய்ப் பார்த்தால் எங்கள் படகு கருவேலங்காட்டுக்குள் குப்புறக் கிடந்தது. ஒரு பக்கம் பிளந்துவிட்டது, எஞ்சினைக் காணோம். சேதம் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு படகாக நம்பர் பார்த்து எழுதினார்கள். எங்கள் படகில் நம்பர் இல்லை, கையில் சான்றும் இல்லை. அவர்கள் எதை வைத்து எழுதுவார்கள்? பக்கத்தில் கிடந்த படகுகளுக்கு நிவாரணம் வந்தது. எங்களுக்கு வரவில்லை. அன்று ராத்திரி அப்பா அம்மாவிடம் சொன்னது: "நம்ம படகுதான். ஆனா நம்மளதுன்னு சொல்ல ஒரு துண்டுக் காயிதம் இல்லையே."

வட்டிக்குக் கடன் வாங்கிப் படகை ஒட்டவைத்து, 2019-ல் வேறு எஞ்சின் போட்டார். அந்தக் கடன் முடிய நாலு வருடம் ஆனது. அப்போதும் அப்பா அலுவலகம் பக்கம் போகவில்லை. போய்க் கேட்டால் உள்ள படகையும் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம்.

ஏன் இப்படி நடக்கிறது?

எங்கள் ஊர் ஆட்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கட்டுமரக் காலத்தில் மரத்துக்கு யாரும் பத்திரம் எழுதவில்லை. எது யாருடைய மரம் என்று கரைக்கே தெரியும். ஊர் வாய்தான் பதிவேடு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிலைமை மாறியது. அரசும் தொண்டு நிறுவனங்களும் நிறைய ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. பல படகுகள் நாலைந்து பேருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. பிறகு ஒருவர் மற்றவரின் பங்கை வாங்குவது, வெளிநாடு போகும்போது அண்ணன் தம்பியிடம் விட்டுவிட்டுப் போவது, கடனுக்காகக் கைமாற்றுவது எல்லாம் நடந்தது. படகு நாலு கை மாறிவிடும், காகிதம் முதல் கையிலேயே நின்றுவிடும்.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலை நடத்தியவர்கள் குபேர் என்ற ஒரு இந்திய மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் நம் கடலுக்குள் வந்தார்கள். அதன்பிறகு எந்தப் படகு யாருடையது என்பது நாட்டுப் பாதுகாப்பு விஷயமாகவே ஆகிவிட்டது. எல்லாக் கடலோர மாநிலங்களுக்கும் ஒரே மாதிரிப் பதிவு எண், கம்ப்யூட்டரில் பதிவு என்று வந்தது. 'ரியல்கிராஃப்ட்' என்று அந்த இணையப் பதிவு முறைக்குப் பெயர்.

மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது

நான் முதலில் குழம்பியது இங்கேதான். உரிமை, பதிவு, உரிமம் என்று மூன்று இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு.

உரிமை என்பது பொருள் யாருடையது என்பது. படகு அசையும் சொத்து. நிலம் மாதிரி சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால்தான் விற்பனை செல்லும் என்பது இதற்குக் கிடையாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி வாய்ப்பேச்சில்கூட விற்பனை நடக்கலாம். ஆக, அப்பா செய்தது செல்லாத வியாபாரம் என்று சொல்ல முடியாது. நிரூபிக்க முடியாத வியாபாரம், அவ்வளவுதான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பொது விதியும் இருக்கிறது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் அடுத்தவருக்கு விற்க முடியாது. இந்த விதிதான் பிறகு எங்களைப் பிடித்தது.

பதிவு என்பது அரசின் புத்தகத்தில் படகு யார் பெயரில் இருக்கிறது என்பது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தில் 1983-ல் மீன்பிடிப் படகுகளுக்கென்று தனிப் பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். நாங்கள் பார்த்த பதிவுகள் எல்லாம் அதன்கீழ் வந்தவை. 2025-ல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியிருக்கிறது.

உரிமம், அதாவது லைசென்ஸ், என்பது அந்தப் படகை வைத்து நம் மாநிலக் கடலில் மீன் பிடிக்க அனுமதி. இது தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983-ன் கீழ் வருவது.

மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். வண்டி என்னுடையது என்பது உரிமை. ஆர்.சி. புத்தகம் பதிவு. வாடகைக்கு ஓட்டப் பர்மிட் வாங்கினால் அது உரிமம் மாதிரி. வரிவிலக்கு டீசல், மானியம், புயல் நிவாரணம் எல்லாவற்றுக்கும் முதலில் பார்ப்பது பதிவைத்தான்.

பெயின்டுக்கு அடியில் கிடைத்த நம்பர்

2025 மே மாத விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். மானியத்தில் எஞ்சின் வாங்க மனு கொடுக்கலாம் என்று மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். மனுவில் முதல் கேள்வியே படகுப் பதிவு எண். அப்பா அந்தத் தாளை என் கையில் கொடுத்து, "நீதான் படிச்சவன், இது என்ன ஏதுன்னு பாரு" என்றார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதுவரை இந்தப் படகுக்குக் காகிதம் உண்டா என்று நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

முதல் வேலையாக அணியத்தில் நம்பர் இருந்த இடத்தில் உப்புத்தாள் போட்டேன். ஓங்கித் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். நீலம் போனதும் அடியில் வெள்ளை எழுத்து நிழலாகத் தெரிந்தது. ஐஎன்டி-டிஎன்-06-எம்ஓ, அதன் பிறகு எண்கள். ஐஎன்டி என்றால் இந்தியா, டிஎன் தமிழ்நாடு, 06 என்பது நாகப்பட்டினத்துக்கான எண், எம்ஓ என்றால் மோட்டார் பொருத்திய படகு. பெரிய விசைப்படகுக்கு எம்எம் என்று வரும்.

நம்பரோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனோம். அப்பா பயந்த மாதிரி யாரும் படகைப் பிடிக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள். இப்படிப் பார்க்கும்போது மூன்றில் ஒரு பதில் வரும். படகு விற்றவர் பெயரிலேயே இருக்கலாம். அப்படியானால் வேலை சுலபம். வேறொருவர் பெயரில் இருக்கலாம். அல்லது பதிவே ஆகாமல் இருக்கலாம். எங்கள் படகு இரண்டாவது ரகம். 2011-ல் அதைப் பதிவு செய்தவர், எங்களுக்கு விற்றவரின் அண்ணன். அவர் 2014-லேயே காலமாகிவிட்டார்.

ஆக, தம்பி விற்றது செத்துப்போன அண்ணனின் படகை. அண்ணனுக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்கள் இருக்கும்போது கூடப் பிறந்த தம்பிக்குப் பங்கு வராது. அவர் தாயார் முன்பே இறந்துவிட்டார். அப்படிப் பார்த்தால் சட்டப்படி அந்தப் படகு பெரியம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் உரியது. ஒன்பது வருடம் நாங்கள் ஓட்டியது அடுத்தவர் படகை!

பெரியம்மா வீட்டில்

அப்பாவும் நானும் அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படகு பழசாப் போச்சு, உடைஞ்சு போச்சுன்னு கொழுந்தன் சொன்னாரு. வித்த காசு எனக்கு வரல" என்றார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். கணவரின் இறப்புச் சான்றோடு படகின் அசல் பதிவுச் சான்றும் அதில் பத்திரமாக இருந்தது.

அவர் நினைத்திருந்தால் "படகைக் கொண்டுவந்து விடுங்க" என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் தெரியாமல்தான் வாங்கினோம், முழு விலையும் கொடுத்தோம். ஆனால் தெரியாமல் வாங்கியதால் மட்டும் பொருள் நமதாகிவிடாது. பணத்தை விற்றவரிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும். அவரோ வயதாகி, மருந்துச் செலவுக்கே கஷ்டப்படுகிறவர்.

வீட்டில் பெரிய வாக்குவாதம். "ஒரே படகுக்கு ரெண்டு தடவை காசா?" என்று அம்மா கேட்டார். அம்மா கேட்டதும் நியாயம்தான். அப்பா ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் படகுல ஒன்பது வருசம் சோறு தின்னுருக்கோம். அந்த அண்ணிக்கு ஒரு வருசம்கூட அதுல சோறு இல்ல" என்று மட்டும் சொன்னார். பெரியம்மாவோடு பேசி இருபதாயிரம் ரூபாய் என்று முடிவானது. அம்மா தோட்டை அடகு வைத்துப் பத்தாயிரம் கொடுத்தோம். மீதியை இரண்டு தவணையில் கொடுத்தோம்.

காகிதம் எழுதிய விதம்

வாரிசுச் சான்று பெரியம்மாவிடம் இல்லை. தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்கினோம். பிறகு முத்திரைத்தாளில் விற்பனை ஒப்பந்தம். அதில் நாங்கள் எழுதியவை: விற்கும் மூன்று வாரிசுகளின் பெயரும் முகவரியும், பழைய உரிமையாளர் பெயர், பதிவு எண், படகின் அளவு, எஞ்சின் நம்பர், தொகை, படகின்மேல் கடன் எதுவும் இல்லை என்ற உறுதி, இரண்டு சாட்சிகள். எங்களுக்கு விற்ற தம்பியும், 2016-ல் 85,000 வாங்கிக்கொண்டதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒருவர் எங்களிடம், "எதுக்கு இத்தனை அலைச்சல்? பழைய தேதி போட்ட முத்திரைத்தாள் நான் தாரேன். அண்ணன் உயிரோட இருக்கும்போதே வித்த மாதிரி எழுதிருங்க" என்றார். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது பொய் ஆவணம், சிறைக்குப் போகும் குற்றம். நாங்கள் நடந்ததை நடந்தபடியே எழுதினோம். 2016-ல் வாய்ப்பேச்சில் வாங்கியது, 2025-ல் வாரிசுகள் சம்மதித்து விற்றது என்று உண்மைத் தேதியே போட்டோம்.

கையெழுத்துப் போடும் நாளில் பெரியம்மா பேனாவை வாங்கவில்லை. "முழுசாப் படிச்சுச் சொல்லு தம்பி, அப்புறம் கை வைக்கிறேன். அவரு செத்தப்ப ஏதோ ஒரு தாள்ல படிக்காம கை வச்சுட்டேன்" என்றார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சின்ன மகள் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். திருத்தி எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

நம் படிப்பு உதவிய இடம்

பதிவு விவரத்தில் படகின் நீளம், அகலம், ஆழம், எஞ்சின் விவரம் எல்லாம் வரும். நான் முதலில் டேப்பைப் படகின் மேல் விளிம்போடு வைத்து அளந்தேன். 29 அடி 1 அங்குலம் வந்தது. பழைய சான்றில் இருந்ததோ 8.59 மீட்டர். வேறு படகோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் தப்பு புரிந்தது. விளிம்பு வளைவாகப் போகிறது, நான் வளைவை அளந்திருக்கிறேன். அணியத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு, பின்பக்கத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு மணலில் தொடும்படி விட்டு, அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே நேர்கோட்டில் அளந்தேன். 28 அடி 2 அங்குலம். 0.3048 ஆல் பெருக்கினால் 8.59 மீட்டர்! சர்வே வகுப்பில் தூங்கியதற்காக அன்று வருத்தப்பட்டேன்.

அடுத்தது எஞ்சின் நம்பர். சான்றில் இருந்தது புயலில் போன பழைய எஞ்சின். புது எஞ்சின் பில்லை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஆனால் பில்லில் 8 என்று இருந்த ஒரு எண் எஞ்சினில் 3 மாதிரித் தெரிந்தது. துரு ஏறினால் அப்படித்தான் தெரியும். மண்ணெண்ணெய் போட்டுத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். 8 தெளிவாக விழுந்தது. அந்தத் தாளையும் மனுவோடு வைத்தோம். தயவுசெய்து எஞ்சின் நம்பர் மேல் கிரைண்டரோ கம்பி பிரஷ்ஷோ போடாதீர்கள். நம்பர் அழிந்தால் திருட்டு எஞ்சின் என்ற சந்தேகம் வரும்.

எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பித்தோம். அதிகாரி கரைக்கு வந்து படகைப் பார்த்தார், அளவையும் எஞ்சினையும் சரிபார்த்தார், உயிர்காக்கும் மிதவைகள் இருக்கிறதா என்று கேட்டார். மே மாதம் ஆரம்பித்த வேலை அக்டோபரில் முடிந்தது. பதிவுச் சான்று அப்பா பெயரில் வந்தது.

வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

1. பணம் கொடுப்பதற்கு முன் படகு நம்பரை எழுதிக்கொண்டு போய் யார் பெயரில் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள். இதற்கு ஒரு நாள்தான் ஆகும். எங்களுக்கு ஒன்பது வருடம் ஆனது.

2. பெயரில் உள்ளவர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் பின்னால் வழக்கு வரும்.

3. படகின்மேல் வங்கிக் கடனோ, மீன் ஏலக்காரர் கொடுத்த முன்பணமோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். "இந்தப் படகு மீன் எனக்குத்தான் வரணும்" என்று பிறகு ஒருவர் வந்து நிற்கக்கூடாது.

4. அசல் பதிவுச் சான்றையும் எஞ்சின் பில்லையும் கையில் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

5. பதிவே ஆகாத படகு என்றால் அதைக் கட்டிய இடத்தைத் தேடிப்போய் ரசீதோ சான்றோ வாங்கப் பாருங்கள். என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை அலுவலகத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

6. விற்றவரோ வாரிசோ ஒத்துவரவில்லை என்றால் கடைசி வழி உரிமையியல் நீதிமன்றம்தான். அது நீண்ட வழி. பேசித் தீர்க்க முடிந்தால் அதுவே லாபம்.

7. பழைய நம்பரின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

முடிவாக

நம் பாலிடெக்னிக்கில் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். வேலை கிடைத்துச் சம்பளம் வந்த பிறகுதான் வீட்டுக்கு நம்மால் உபயோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே என்ன காகிதம் இருக்கிறது, என்ன இல்லை என்று ஒருமுறை பாருங்கள். அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அதற்கு டிப்ளமோ முடிக்க வேண்டியதில்லை.

எங்கள் படகின் அணியத்தில் இப்போது நம்பர் மறுபடி வெள்ளையாகத் தெரிகிறது. அதை எழுதியது நான்தான். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது. "பரவால்ல, படிக்க முடியுதுல்ல" என்றார் அப்பா. அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் அதைத்தான் மீட்க வேண்டும்.